எனாமல் போசி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, போர் மோட்டாருக்குக் கண்டென்சர் மாற்றியது. 2024 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணி. ஸ்விட்சைப் போட்டால் ஆம்பியர் முள் முப்பதுக்குத் தாவியது. பத்து வினாடியில் பெட்டி டிரிப் ஆனது. முதல் நாளும் அப்படித்தான் என்று அம்மா சொன்னார். மாடுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள்.

"கரண்ட எடுத்துப்போட்டயா அம்மிணி?"

"எடுத்தாச்சுங்ப்பா. ஃபீஸ் கட்டை என்ற பாக்கெட்ல இருக்குது."

"ஒருக்கா டெஸ்டர் வெச்சுப் பாத்துக்க. உனக்கு ஒண்ணுன்னா உங்கம்மாவுக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது."

அப்பா டார்ச் பிடித்தார். நான் கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது காட்டியது. கோவையிலிருந்து வாங்கி வந்திருந்த புதியதைப் பொருத்தினேன். மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வரும்வரை அவர் டார்ச்சை அணைக்கவில்லை.

"புதங்கெழம எத்தன மணின்ன?"

"பத்தேகாலுங்ப்பா. ஒம்போதரைக்கே பாலக்காட்டுல இருக்கோணும். பழைய பாஸ்போர்ட்டு, ஆதாரு, ரண்டையும் எடுத்து வெச்சிருங்க."

"போசி கொண்டு போகோணுமா?"

"பாஸ்போர்ட் ஆபீஸுக்கு எதுக்குங்ப்பா போசி?"

"சும்மா கேட்டேன்."

போசி என்றால் எங்கள் பக்கத்தில் பாத்திரம். அவர் கேட்டது ஒரு குறிப்பிட்ட போசியைப் பற்றி. வெள்ளை எனாமல், நீல விளிம்பு, கம்பிக் கைப்பிடி, மூடி. இரண்டு லிட்டர் பிடிக்கும். மூடியில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும். அது எங்களுடையது அல்ல. இருபது வருடமாக எங்கள் வீட்டில் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு அப்பா பால் சொசைட்டி வரிசையில் நின்றார். முன்னால் மூன்று பேர். கேனைக் கீழே வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை என்றார்கள். பாலை யாரோ ஊற்றி, அட்டையில் பதிந்து, கழுவிய கேனை மத்தியானம் வீட்டில் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அவர் பெயர் காளிச்சாமி. வயது அறுபத்து மூன்று. ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், மீனாட்சிபுரம். நாலு ஏக்கர் தென்னை, ஒன்பது மாடு. எட்டாம் வகுப்பு. அம்மா முருகேஸ்வரி எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். பெண் பார்க்கப் போனபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, கல்யாணத்துக்குப் பின் வேலைக்கு அனுப்புவீர்களா என்பது. "அனுப்பறதென்ன, நானே கொண்டு போய் உட்டுட்டு வாரனுங்க" என்றாராம். பதினான்கு வருடம் மொபெட்டில் கொண்டு போய் விட்டார். நடுவில் ஆறு வருடம் மொபெட் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் நூற்றைம்பது அடி தூரத்தில் இருந்தது. அது மாலத்தீவில்.

1997-இல் அம்மாவுக்கு நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் மார்ச்சில் முடிந்து ஜூனில் மறுபடி கிடைக்குமா என்று காத்திருக்கும் வேலை. மாலத்தீவில் கணக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அம்மா விண்ணப்பித்தார், கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். குடும்பத்தைக் கூட்டிப் போகலாம், வீடு தருவார்கள். ஒரு நிபந்தனை. கணவர் வேலை எதுவும் செய்யக்கூடாது. சம்பளத்துக்கும் கூடாது, வியாபாரமும் கூடாது. மீறினால் அவர் விசா ரத்தாகும், அம்மாவின் ஒப்பந்தமும் நீடிக்காது.

எனக்கு ஆறரை வயது. தம்பி பிரதீப்புக்கு இரண்டரை. அம்மா தனியாகப் போவதா, எல்லோரும் போவதா என்ற பேச்சு ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது என்று அம்மா சொல்வார். அப்பா மாடுகளையும் தோப்பையும் பெரியப்பாவிடம் ஒப்படைத்தார்.

"ஆம்பள ஊட்டுல குந்திட்டுச் சோறாக்கறதாடா?" என்றார் பெரியப்பா.

"மாட்டுக்குக் கஞ்சி காச்சறவன் மனுசனுக்குக் காச்ச மாட்டனா?"

சொசைட்டியில் கருப்பாத்தாள் விடவில்லை. அப்பாவுக்கு முன்னாலோ பின்னாலோ வரிசையில் தினமும் நிற்பவர். "ஏனுங் காளிச்சாமி, டீச்சரு பாடஞ் சொல்லித் தரப் போறாங்க. நீங்க அங்க என்ன, டீச்சருக்குக் கொட புடிக்கவா?"

"புடிச்சா என்னுங்க்கா? அந்தக் கொடைக்குள்ள நானுந்தானே நிப்பேன்."

போகும்போது அவர் செய்த ஒரே தயாரிப்பு இது. ஒரு வெள்ளைத் துணியைக் கெட்டித் தயிரில் நனைத்து நிழலில் உலர்த்தினார். மறுபடி நனைத்தார், மறுபடி உலர்த்தினார். ஐந்து முறை. அதை மடித்து என் பள்ளிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். தயிருக்கு உறை எடுத்துப் போகும் முறை. விமான நிலையச் சோதனையில் அதிகாரி துணியை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

தீவு ஒன்றே கால் கிலோமீட்டர் நீளம். அறுநூறு பேர். மாடு இல்லை. மண் இல்லை, பவள மணல்தான். பால் என்றால் பால்பவுடர். குடியேற்றப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் அப்பாவுக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதியது அம்மா. வேறு எதுவும் எழுத முடியாது.

அவர் நாலரைக்கு எழுவார். ஊரில் அது பால் கறக்கும் நேரம். கறக்க ஒன்றும் இல்லாததால் சீருடைகளைத் துவைப்பார். சோறாக்குவார். எனக்குத் தலை பின்னுவார். மாட்டுக்குக் கயிறு திரிப்பது போல முறுக்கிப் பின்னுவார். மாலை வரை அவிழாது, ஆனால் புருவம் மேலே இழுக்கும். தம்பிக்குச் சோறூட்டிக்கொண்டே படகுத்துறை வரை போய்த் திரும்புவார். பத்தரை மணிக்கு எல்லா வேலையும் முடிந்துவிடும். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. வாசலில் நின்று பள்ளிக்கூடத்தைப் பார்ப்பார்.

முதல் வாரமே துணியை வெதுவெதுப்பான பவுடர் பாலில் போட்டார். முதல் இரண்டு முறை திரிந்தது. மூன்றாவது முறை உறைந்தது. அந்தத் தீவில் தயிர் டின்னில் வரும், அல்லது வராது.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஹவ்வா. ஐம்பது வயதுக்கு மேல். அவர் கணவருக்கு வயிற்றில் நாள்பட்ட நோய். திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போய்ப் போய் ஹவ்வாவுக்குக் கொஞ்சம் மலையாளம் வந்திருந்தது. அது முழுக்க ஆஸ்பத்திரி மலையாளம். காலையில் மதிலுக்கு மேல் தலை தெரியும். வணக்கத்துக்குப் பதிலாக, "காளி, வேதன உண்டோ?" என்பார். வலி இருக்கிறதா என்று பொருள். அப்பாவும் தினமும், "இல்லக்கா, வேதன இல்ல" என்பார். அதுதான் அவர்களுக்குள் குசலம்.

கணவருக்கு ஆகும் என்று அப்பா தயிர் கொடுத்தார். ஹவ்வா கொண்டு வந்தது அந்த எனாமல் போசி. மறுநாள் அதைப் பளபளவென்று கழுவி, காலியாகத் திருப்பித் தந்தார்.

அப்பா வாங்கிக்கொண்டார். ஆனால் அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. எங்கள் ஊரில் பால், மோர் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு கை அரிசி, நாலு மிளகாய், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு. வெறும் போசி வந்தால் கொடுத்த வீட்டில் மாடு வற்றும் என்பார்கள். அவருக்கு அங்கே வற்றுவதற்கு மாடே இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. எனக்கு அதற்குள் அவர்கள் மொழி வந்துவிட்டிருந்தது. என்னை மதிலோரம் நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். ஹவ்வா வெகுநேரம் சிரித்தார். மறுநாள் போசியில் இரண்டு எலுமிச்சை இருந்தன.

பிறகு தீவு முழுவதும் அந்த வழக்கம் பரவியது. வயிற்றுவலிக்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள், மற்ற இந்திய ஆசிரியர்கள். இரண்டாம் வருடம் பதினான்கு வீடுகள். காலையில் பதினான்கு போசிகள் வெளியே போகும், சாயங்காலம் நிறைந்து வரும். மீன், ஈரப்பலா, முருங்கைக்கீரை, ஒரு தடவை பூசணிக்காய். அப்பாவின் பத்தரை மணிப் பிரச்சினை தீர்ந்தது. யாரிடமும் அவர் காசு வாங்கவில்லை. மோரையும் தயிரையும் விற்பது அவருக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை. பால் விற்பார்கள். மோர் கேட்டால் கொடுப்பார்கள்.

1999 செப்டம்பர். நான் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலத்துக்கு செபமாலை டீச்சர். இடுக்கி சக்குபள்ளத்துக்காரர், ஏலத்தோட்டத்துத் தமிழ்க் குடும்பம். செபமாலையம்மாள் என்பது முழுப் பெயர். அப்பாவின் பின்னல் இழுக்கிறது என்று நான் அழுதால் இடைவேளையில் தளர்த்திக் கட்டிவிடுவார். ஒரு நாள் 'என் அப்பாவின் வேலை' என்று எழுதச் சொன்னார். மற்றவர்கள் மீன் பிடிக்கிறார், படகு கட்டுகிறார், கடை வைத்திருக்கிறார் என்று எழுதினார்கள். நான் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்:

"என் அப்பா பெயர் காளிச்சாமி. அவர் தினமும் தயிர் செய்கிறார். பதினான்கு வீடுகளுக்குக் கொடுக்கிறார். அவர்கள் எங்களுக்கு மீன் தருகிறார்கள்."

நான்கு வாக்கியமும் உண்மை. மூன்றாவதற்குப் பக்கத்தில் நான்காவதை வைத்ததுதான் தவறு. என் அப்பாவுக்கும் வேலை இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார். பெற்றோர் தினத்தில் எல்லோரும் படித்தார்கள்.

யார் புகார் கொடுத்தார்கள் என்று தெரியாது. அனுமதியில்லாமல் உணவுப் பொருள் வியாபாரம் செய்வதாகத் தீவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பாவின் விசா பற்றி விசாரணை. அம்மாவின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. புதுப்பிக்கும் தாளில் கையெழுத்தாகவில்லை.

அன்று வீட்டில் நடந்த பேச்சு:

"நானும் வந்தர்றனுங்க. நாலு பேரும் ஊருக்குப் போயிரலாம்" என்றார் அம்மா.

"போயி? மறுக்கா ஜூனுக்கு ஜூன் காத்துக் கெடப்பியா? நா மட்டும் போறேன். நீ இரு."

"பிரதீப்ப யாரு பாக்கறது? எட்டு மணிக்கு நா கெளாஸ்ல நிக்கோணும்."

"அவனக் கூட்டிட்டுப் போயர்றேன்."

"அப்பறம் கிருத்திகா?"

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு பேரை இரண்டு இரண்டாகப் பிரித்தால் நான் எந்தப் பக்கம் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் நான்தான் என்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. செபமாலை டீச்சர் தாளைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். "அண்ணே, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும். புள்ள எழுத்து லட்சணமா இருக்கேன்னு ஒட்டிட்டேன்" என்று அழுதார். அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். டீச்சர் காட்டினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உள்ளதத்தான எழுதியிருக்குது புள்ள. நீங்க ஏனுங் டீச்சர் அழுகறீங்க?"

விசாரணைக்கு நாங்கள் நால்வரும் போனோம். வீட்டில் பிள்ளைகளை விட ஆள் இல்லை. அறையில் தீவுத் தலைவர், எழுத்தர், பள்ளியின் தலைமையாசிரியர். ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பேர். தலைவர் கேட்பதைத் தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் சொல்ல, அம்மா தமிழில் சொன்னார்.

தயிர் கொடுப்பது உண்மையா? உண்மைங்க. பதிலுக்குப் பொருள் வருவது உண்மையா?

"வருதுங்க. மீனு வரும், எலுமிச்சங்கா வரும். வெறும் போசி வராதுங்க."

அப்படியென்றால் அது விலை.

"வெலையில்லீங்க. மொறை."

யாராவது ஒன்றும் வைக்காமல் திருப்பினால்?

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். அதனாலென்ன, பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அப்பா சொன்னது: "அது ஆகாதுங்க. அப்படித் திருப்பக் கூடாது."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்போது ஹவ்வா உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் மொழியில் சத்தமாகப் பேசினார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது: முதல் நாள் நான் காலியாகத்தான் கொடுத்தேன், மறுநாளும் காளி தயிர் கொடுத்தான். இரண்டு எலுமிச்சை வைத்த அன்று போசி கழுத்து வரை இருந்தது. என் மருமகன் முழுச் சூரை மீன் வைத்த அன்றும் கழுத்து வரைதான் இருந்தது. மூன்று வாரம் நான் கணவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்போது என் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை, என் மகளுக்குத் தினமும் தயிர் வந்தது. என்ன கொடுத்தாலும் ஒரே அளவு தருகிறவன் எப்படி வியாபாரி?

நான் இன்று கருவிகளை அளவு சரிபார்க்கும் வேலை செய்கிறேன். உள்ளே போவதை மாற்றி மாற்றிக் கொடுத்து, வெளியே வருவது மாறுகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். அதை முதலில் எனக்குக் காட்டியவர் ஹவ்வா.

தலைவர் எழுத்தரிடம் ஒரு தாள் எழுதச் சொன்னார். இது வியாபாரம் என்று முடிவு செய்யவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு வியாபாரம் போல இருக்கிறது. ஆகவே இன்று முதல் இந்த வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது. அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

கையெழுத்துப் போட்ட நேரத்தில் பதிமூன்று போசிகள் அவரவர் வீட்டில் இருந்தன. ஹவ்வாவின் போசி மட்டும் எங்கள் ஃபிரிட்ஜில், தயிரோடு இருந்தது. அப்பா அதை அனுப்பவில்லை. எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். தயிரை நாங்கள் சாப்பிட்டோம். கழுவி அலமாரி மேல் வைத்தார்.

மறுநாள் மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. "காளி, வேதன உண்டோ?"

"இல்லக்கா. உங்க பாத்ரம் இவிட உண்டு. சட்டம். புறத்து விடான் பற்றில்ல." வெளியே அனுப்ப முடியாது என்று பொருள்.

"எனிக்கு வேறெ உண்டு. இருக்கட்டெ." தன்னிடம் வேறு இருக்கிறதென்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் நான்கு வருடம் அப்பா எங்கள் நால்வருக்கு மட்டும் தயிர் உறைய வைத்தார். பத்தரை மணிக்கு மேல் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். அம்மாவின் விடைத்தாள்களில் மதிப்பெண் கூட்டிக் கொடுத்தார். "இதுக்கொரு தாள்ல கையெழுத்துக் கேப்பாங்களா டீச்சர்?" என்பார். நான் அதற்குப் பிறகு அவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. இதுதான் முதல்.

2003 கடைசியில் அம்மாவுக்குக் கேரள அரசுப் பள்ளியில் வேலை வந்தது. கொல்லங்கோட்டுப் பக்கம், தமிழ் வகுப்புகளுக்குக் கணக்கு. சாமான்களை மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிட்டோம். போகிற நாளில் ஹவ்வா வீடு பூட்டியிருந்தது. கணவரோடு திருவனந்தபுரம் போயிருந்தார். நாங்கள் போகும் கரையில் அவர் இருந்தார், அவருடைய போசி இந்தக் கரையில் இருந்தது.

இனி சட்டம் இல்லை என்று அப்பா போசியோடு அவர் வாசலுக்குப் போனார். போனவர் அப்படியே நின்றார். படகு கிளம்பச் சத்தம் கொடுத்தது. அம்மா பிரதீப்பை இழுத்துக்கொண்டு கத்தினார்.

"வாசப்படில வெச்சுட்டு வாங்க! படக நிறுத்துவானுங்களா நமக்காக?"

"வெறும் போசிய வெக்கறதா? உப்பு இருக்குதா?"

"உப்பு, புளி எல்லாம் செபமாலை டீச்சர் ஊட்டுக்குப் போயிருச்சுங்க."

அவர் போசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படகு ஏறினார். உள்ளே போட அன்று அவரிடம் இரண்டு எலுமிச்சை இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த டிசம்பரில் கடல் வந்தது. அப்பா நான்கு நாள் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் செபமாலை டீச்சர் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலைண்ணே. எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடியில ஏறிட்டோம். ஹவ்வாக்கா நல்லாருக்காக. அவுக அடுப்படிதான் சுவரோட போயிருச்சு. ஒரு பாத்திரம் மிஞ்சலை. ஒரு கரண்டி மிஞ்சலை."

அப்பா தொலைபேசியை வைத்தார். "ஒண்ணு மிஞ்சியிருக்குதல்ல" என்றார். பீரோ மேலிருந்த போசியை இறக்கித் துடைத்து மறுபடி வைத்தார்.

இதன் பிறகு அது சும்மா கிடக்கும் பாத்திரம் அல்ல. ஆனால் அவர் போகவும் இல்லை. ஐந்து மாடு ஒன்பதானது. காலையும் மாலையும் கறக்க வேண்டும். பெரியப்பா படுத்துவிட்டார். நான் பொறியியல் படித்தேன், தம்பி படித்து பெங்களூர் போனான். அம்மா ஓய்வு பெற்றார். வருடத்துக்கு ஒரு முறை, போசியை எப்படிச் சேர்ப்பதென்று அப்பா என்னிடம் கேட்பார். நான் ஒரே பதிலைச் சொல்வேன்.

"கூரியர்ல போட்டுறலாங்ப்பா. பத்து நாள்ல போயிரும்."

"உள்ள என்ன வெக்கறது?"

"ஒண்ணும் வெக்க வேண்டாங்ப்பா. போசி போனாப் போதாதா?"

"போதாது அம்மிணி."

இருபது வருடத்தில் இந்தப் பேச்சு இருபது தடவை நடந்திருக்கும். நான் ஹவ்வாவைத் தேடிக் கொடுத்திருக்கலாம். கஷ்டமான வேலை இல்லை. 2023 நவம்பரில் இணையத்தில் உட்கார்ந்து தேடினேன். நாற்பது நிமிடத்தில் ஹவ்வாவின் மகள் கிடைத்தார். நாற்பது நிமிட வேலையை நான் பல வருடம் தள்ளிப் போட்டிருந்தேன்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினார்கள். ஹவ்வாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். கணவர் இல்லை. திரையை ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் நெற்றி மட்டும் தெரிந்தது.

"காளி! வேதன உண்டோ?"

"இல்லக்கா. வேதன இல்ல."

அந்த மாதம் முழுவதும் மாடு கட்டும்போது இடது தோள் வலிக்கிறதென்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா தைலம் தேய்த்திருக்கிறார். எனக்கு இது பிறகுதான் தெரியும்.

அப்பா போசியைத் தூக்கிக் காமிராவுக்குக் காட்டினார். பிறகு ஹவ்வா திரையை விலக்கி, மகளைக் கூப்பிட்டு, பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் மூடியில் பெயர்ந்திருந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். தன் கல்யாணத்துக்கு வந்தது என்றார். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "கொண்டு வா. நீ கொண்டு வா" என்றார்.

அன்றே போவதென்று முடிவானது. ஏப்ரலில், பத்து நாள். கறவைக்குக் கருப்பாத்தாளின் மருமகள் ஒத்துக்கொண்டார். பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. என் மடிக்கணினியில் விண்ணப்பம் நிரப்பினோம். தொழில் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது.

"சுயதொழில்னு போடறனுங்ப்பா. 'வீட்டைப் பராமரிப்பவர்'னும் ஒண்ணு இருக்குது."

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "அது அன்னிக்கு இருந்துச்சா?"

"தெரியலீங்ப்பா."

"இருந்திருந்தா உங்கம்மா இல்லைன்னு எழுதியிருக்க வேண்டியதில்ல."

சமையலறையிலிருந்து அம்மா, "எனக்குக் காது கேக்குதுங்க" என்றார்.

பயணத்தில் என்னென்ன கொண்டு போகலாம் என்று கேட்டார். பால், தயிர், நெய் வேண்டாம், பிடித்துக்கொள்வார்கள் என்றேன். "சக்கர?" என்றார். கொண்டு போகலாம் என்றேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என் கைப்பேசியில் செய்தி வந்தது. இன்று 10.15-க்கு உங்கள் நேரம், அசல் ஆவணங்களோடு வரவும். நான் அப்போது வீட்டில் சொந்தக்காரர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். எதற்கென்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டும் ஆதாரும் ஒரு பிளாஸ்டிக் உறையில் தயாராக இருந்தன. உறைக்குள் நாலாக மடித்த கோட்டுத் தாள் ஒன்றும் இருந்தது. என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. மேல் ஓரத்தில் டேப் ஒட்டிப் பிய்த்த தடம்.

போசியை இறக்கினேன். காலியாக இருக்கும் என்று நினைத்து ஒரு கையால் எடுத்தேன். கனத்தது. மூடியைத் திறந்தேன். கழுத்து வரை நாட்டுச்சர்க்கரை இருந்தது. எறும்பு ஏறாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ரப்பர் பேண்டு கட்டியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம பொழுதோட கருப்பாத்தா ஊட்டுல போயி வாங்கியாந்தாரு" என்றார் அம்மா. "ஏப்ரலுக்கு இன்னும் ரண்டு மாசம் இருக்குது, இப்பவே எதுக்குங்கன்னேன். போன தடவ கடைசி நேரத்துல ஒண்ணும் இல்லாமப் போச்சல்ல, அப்படின்னாரு."

ரப்பர் பேண்டை மறுபடி கட்டினேன். மூடினேன். போசி பீரோ மேல் இருக்கிறது. ஹவ்வாவிடம் இன்னும் சேரவில்லை.